மூன்று மாதம் குளிக்காதவள்

ஒத்துக்கொள்கிறேன். எனக்கு மலாய் நன்றாக வரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது நான்தான். மீன்காரரிடம் பேரம் பேசவும், பக்கத்து வீட்டுக் கோழியைத் திட்டவும் போதுமான மலாய் அது. அதை நம்பி ஒரு கர்ப்பத்தை அறிவிக்கப் போனது என் கொழுப்பு.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம். காஜா பெராங்கில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பெண்கள், சின்னவளுக்கே எட்டு வயது. புது நாட்டுக்குச் சின்னக் குடும்பம்தான் அழகு, ரெண்டே போதும் என்று என் கணவர் போகிற இடமெல்லாம் பேசுவார். ஏழு பிள்ளை பெற்ற தன் அண்ணனிடம் சற்று அதிகமாகவே பேசுவார். பல வருடம் கெஞ்சி, பண்டார் ஹிலிரில் ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குப் போக அப்போதுதான் அவரிடம் சம்மதம் வாங்கியிருந்தேன். சேர்ந்த கையோடு நாள் தள்ளிப்போனது.

மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வகுப்பு போய்விடும். (அவர் பிரசங்கமும் போய்விடும். அதில் எனக்கு வருத்தமில்லை.) கடைசியில் பக்கத்து வீட்டு மீனாட்சி மாக்சிக்கிடம் போய் நின்றேன். (மாக்சிக் என்றால் மலாயில் அத்தை.) கம்போங் செட்டியில், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் தமிழ்ச் செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர். நெற்றியில் விபூதி, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். தமிழில் சாமி பெயர்களைத் தவிர அதிகம் தெரியாது. ஆனால் அவர் சொன்னால் என் கணவர் மறுபேச்சு பேசமாட்டார்.

கர்ப்பத்துக்கு மலாயில் என்ன சொல் என்று அவர் வாசலில் நின்றபிறகுதான் யோசித்தேன். வரவில்லை. 'முழுகாமல் இருக்கிறேன்' என்பதை அப்படியே மலாயாக்கிவிட்டேன்.

"சாயா தீகா பூலான் தாக் மண்டி."

நான் மூன்று மாதமாகக் குளிக்கவில்லை.

மாக்சிக் ஓரடி பின்னால் நகர்ந்தார். புருஷனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றேன். ஒரே வீட்டில் இருந்தும் தெரியாதா என்று மறுபடி கேட்டார். இந்த ஆம்பிளைகளுக்கு எதுதான் தெரிகிறது என்று பெருமூச்சு விட்டேன். அவரும் விட்டார். விஷயம் புரிந்துவிட்டதென்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

மறுநாள் ஞாயிறு. இவருடைய அண்ணனும் அண்ணியும் வந்து கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் மாக்சிக்கோடு பேசிவிட்டு உள்ளே வந்த இவருக்கு முகமே சரியில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏன் இப்படிப் பண்ணினே?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "நான் மட்டுமா பண்ணினேன்?"

"என்னை எதுக்கு இழுக்கிறே? நான் தினம் ரெண்டு வேளை குளிக்கிறவன்."

அந்த நேரம் பார்த்து மாக்சிக் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார். தண்ணீரில் எலுமிச்சம்பழங்கள் மிதந்தன. கையில் புதுச் சவர்க்காரம். அப்போதுதான் என் மலாயின் லட்சணம் எனக்கே புரிந்தது. மூன்று மாதமாக எப்படியெல்லாம் சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"நான் குளிக்காம இல்லைங்க. முழுகாம இருக்கேன்."

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "ரெண்டே போதும்னு சொன்னது யாரு தம்பி?"

இவர் மாக்சிக் கையிலிருந்த சவர்க்காரத்தை வாங்கிக்கொண்டு குளிக்கப் போனார். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது குளியல். அண்ணி மலாயில் விளக்கியதும் மாக்சிக் சிரித்துச் சிரித்து அந்த வாளியைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர், வகுப்பை விடாதே, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்தும் கொண்டார். நான் பரீட்சையில் தேறினேன். பையன் தமிழுக்கு முன்னால் மலாய் பேசினான், என்னைவிட நன்றாக.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கர்ப்பம் என்று சொல்வதில்லை. 'தாக் மண்டி'தான். அந்தப் பையன் வளர்ந்து கல்யாணமாகி, செங் என்ற ஊரில் குடியிருந்தபோது ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, தன் மனைவி தாக் மண்டி என்று சொன்னான். எடுத்தது இவர். நன்றாகக் கேட்டுக்கொண்டு, போனை வைத்துவிட்டு வந்து சொன்னார்:

"செங் பக்கம் தண்ணி வரலையாம்."