அரை அங்குலம்

முதலில் ஒரு விடுகதை. உடம்பெல்லாம் ஓட்டை, ஆனால் குளிர் உள்ளே நுழையாது. மொத்தமும் நூல்தான், நடுவில் முடிச்சே கிடையாது. வருஷக்கணக்கில் உழைக்கும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே காலைப்பொழுதில் காணாமல் போய்விடும். அது என்ன?

நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஒன்பது வயதான என் மகள் இதை என்னிடம் கேட்டபோது நான் "மீன்வலை" என்றேன். "வலையில முடிச்சு இருக்கும்ப்பா" என்றாள். கொஞ்சம் யோசித்து, "குடை" என்றேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத விருப்பமில்லை. விடை அப்போது என் இரண்டு கையிலும் இருந்தது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பிழைதான் என் பிழைப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனாவும், வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்க ஆறு அங்குல இரும்பு ஸ்கேலும் இருக்கும். இரண்டும் அச்சகத்தோடு நின்றிருந்தால் வம்பில்லை. என்னோடு வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தன.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் என் மனைவி எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். சாம்பல் நிறம். மூன்று மாத வேலை. போட்டுப் பார்த்தேன். கழற்றினேன். ஸ்கேலை எடுத்தேன்.

"இடது கை அரை அங்குலம் நீளம்" என்றேன்.

"போட்டா தெரியாதுங்க."

"தெரியாம இருக்கலாம். இருக்குதே!"

அடுத்த குளிருக்குப் பழுப்பு நிறம். கழுத்து கோணல் என்றேன். அதற்கடுத்த குளிருக்குக் கரும்பச்சை. முதுகில் ஒரு கண்ணி தவறியிருந்தது. தவறியது எந்த வரிசை என்றுகூடச் சொன்னேன். இப்படி இந்த மூன்று நிறத்திலேயே மாறி மாறி ஒன்பது குளிர், ஒன்பது ஸ்வெட்டர். எதையும் நான் இரண்டாம் முறை போட்டதில்லை. எல்லாம் பீரோவின் மேல்தட்டுக்குப் போயின. பத்தாவது குளிரில் அவள் எனக்கு எதுவும் பின்னவில்லை. விட்டுப்போனதுதான் பிழை திருத்துபவனின் கண்ணில் முதலில் பட வேண்டும். படவில்லை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. எங்கள் முன்னறைக்குத்தான் அன்று வேலை. என் மனைவியின் தோழிகள் இருவர் வருவார்கள். ஒருத்தி நர்ஸ், காலுறை பின்னுவாள். இன்னொருத்தி மாடி வீட்டு அக்கா. கையில் குரோஷா ஊசி, வாயில் இன்னொரு ஊசி. வாரம் முழுவதும் செய்ததைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். ஒருத்தி செய்ததை மற்றவர்கள் எடுத்துத் தடவுவார்கள், கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் பிடிப்பார்கள். "அய்யோ, இந்த ஓரத்தைப் பாரேன்!" என்பார்கள். யாரும் எதையும் அளக்க மாட்டார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் என் மனைவி சிரிக்கும் சத்தம் சமையலறை வரை கேட்கும். மற்ற ஆறு நாளும் வீடு குளிர்ப்பெட்டி மாதிரி இருக்கும், உள்ளே விளக்கு எரியும், பேச்சு இருக்காது.

எனக்கு அவர்கள் வைத்த பெயர் "ஸ்கேல் சார்". முகத்துக்கு நேரேதான் கூப்பிடுவார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, தோழிகள் போன பிறகு, என் மனைவி ஊசிகளை உறையில் போட்டபடியே சொன்னாள்.

"பெண்கள் பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. ரயில்ல ஆறு மணி நேரம். நான் போறேங்க."

"எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வர்ற மாதிரி இல்ல."

"பாப்பா?" என்றேன்.

"அவளுக்கு ஒன்பது வயசு. யார்கூட இருக்கணும்னு அவளே சொல்லட்டும். கிளம்புற அன்னைக்குக் கேப்போம்."

"எப்போ கிளம்புற?"

"போர்வை முடிஞ்சதும். மூணு பேரும் சேர்ந்து கடைசியா ஒண்ணு பின்னுறோம். சதுரம் சதுரமா பின்னி இணைக்கணும். அது முடியாம விட மாட்டேன்னு அக்கா சொல்லிட்டாங்க."

வேறு புருஷனாக இருந்தால் அந்த இடத்தில் ஏதாவது பேசியிருப்பான். அழுதிருப்பான், குறைந்தபட்சம் சண்டையாவது போட்டிருப்பான். நான் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். போர்வை முடிந்தால்தானே போவாள்? போர்வை முடியவே கூடாது!

என் மனைவி காலையில் துணி சரிசெய்யும் கடைக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்புவாள். பாப்பா பள்ளியிலிருந்து பன்னிரண்டரைக்கு வருவாள். எனக்கு அச்சகம் இரண்டு மணிக்கு. ஆக, காலை முழுவதும் நான், கூடை, கூடையில் சதுரங்கள்.

திங்கட்கிழமை ஒரு நீலச் சதுரத்தை எடுத்தேன். ஓரத்து முனையைத் தேடிப் பிடித்து இழுத்தேன். டிர்ர்ர்ர். அந்தச் சத்தத்துக்கே ஒரு சந்தோஷம் இருக்கிறது. நூலை இறுக்கமாக உருண்டையாகச் சுற்றி, மற்ற நூல்கண்டுகளுக்கு நடுவே செருகிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் மதியம் சாப்பாடு போடும்போது என் மனைவி பாப்பாவிடம், கொஞ்சம் உரக்கவே, பாடம் நடத்தினாள்.

"பிரிச்ச நூல் சுருட்டை சுருட்டையா இருக்கும் பாப்பா. பார்த்த உடனே கண்டுபிடிச்சிடலாம். அதை நாற்காலி முதுகுல சுத்தி, நாலு இடத்துல கட்டி, வெந்நீர்ல நனைச்சு, கீழே கனமா எதையாவது தொங்கவிடணும். காய்ஞ்சா புது நூல் மாதிரி ஆயிடும். அப்புறம் யாருக்கும் தெரியாது."

நான் சோற்றைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இறுக்கிச் சுத்தவே கூடாது. நாலு விரலை உள்ளே விட்டு, தொளதொளன்னு சுத்தணும்."

திருட வந்தவனுக்கு வீட்டுக்காரியே ஏணி பிடிக்கிறாளே! அவள் மேல் எனக்குப் பரிதாபமே வந்துவிட்டது.

புதன்கிழமை பார்த்தால் கூடை நிரம்பி வழிந்தது. சாம்பல், பழுப்பு, கரும்பச்சை. இவ்வளவு வேகமாகப் பின்னுகிறார்களா! நானும் வேகத்தைக் கூட்டினேன். தினமும் இரண்டு துண்டு. பிரிப்பது, நாற்காலியில் சுற்றுவது, வெந்நீர் வைப்பது, நனைப்பது, குளியலறை ஆணியில் என் வேட்டிக்குப் பின்னால் மறைத்து மாட்டி அடியில் தண்ணீர் நிரப்பிய குவளையைத் தொங்கவிடுவது, முந்தின நாள் காய்ந்ததைத் தொளதொளவென்று சுற்றுவது. தும்மல் பிடித்தது. விரல் நுனி சிவந்தது. அச்சகத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. எந்தப் பிழையைப் பார்த்தாலும் பிடித்து இழுக்கத் தோன்றியது.

பிழை என்றதும் ஞாபகம் வருகிறது. சதுரம் என்றார்களே, ஒன்றுகூடச் சதுரமில்லை. எல்லாம் நீள்சதுரம். சில துண்டுகள் ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல். நர்ஸுக்கு ஊசி போடத்தான் தெரியும், ஊசியால் பின்னத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அப்படிக் குறுகலான இரண்டு சாம்பல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளந்தேன். ஒன்று அரை அங்குலம் நீளம்! உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். பிறகு இரண்டையும் பிரித்துப் போட்டேன்.

இரண்டாம் வாரம் பாப்பா பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். நான் நாற்காலிக்கு முன்னால், நூலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவள் பையை இறக்கி வைத்தாள். எதுவும் கேட்காமல் எதிரே உட்கார்ந்து, நூல் சிக்காமல் இருக்க இரண்டு கையையும் நீட்டினாள். அதில் சுற்றினேன். அப்போதுதான் அந்த விடுகதையைக் கேட்டாள். மீன்வலை, குடை எல்லாம் முடிந்ததும் இன்னொன்று கேட்டாள்.

"எதுக்குப்பா பிரிக்கிற?"

"அம்மா போகாம இருக்கத்தான். அம்மாகிட்ட சொல்லாதே."

"அம்மாகிட்ட 'போகாதே'ன்னு சொல்லேன்."

"அதெல்லாம் பெரியவங்க விஷயம்மா."

அவள் மடியில் கிடந்த கரும்பச்சைத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, இது என்னன்னு தெரியுதா?"

"சதுரம்."

"நல்லாப் பாரு."

ஸ்கேல் வைத்தே நன்றாகப் பார்த்தேன். "ஒரு கண்ணி தவறியிருக்கு" என்றேன்.

"சரிப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் விடுகதை போடவில்லை. நூலுக்கு மட்டும் கை நீட்டினாள்.

முன்னறையில் வெளிச்சம் போதவில்லை என்று தோழிகளின் சனிக்கிழமைகள் மாடிக்கு மாறின. எனக்கு இரட்டைச் சந்தோஷம். கூடை எப்போதும் பாதிதான் இருந்தது. மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சிரிக்கட்டும், பாவம், ஆயுளுக்கும் முடியாத போர்வை என்று தெரியாமல் சிரிக்கிறார்கள் என்று நான் கீழே தனியாக உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தேன்.

நான்கு வாரத்தில் கூடை காலியானது. நான் வென்றுவிட்டேன்.

ஐந்தாவது சனிக்கிழமை காலை முன்னறைக்கு வந்தால், வாசலருகே இரண்டு பெட்டிகள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னது இன்னும் பூட்டப்படவில்லை. பாப்பா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மாடி அக்காவும் நர்ஸும் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து கட்டிலில் பிரித்தார்கள். போர்வை. சாம்பல், பழுப்பு, கரும்பச்சைச் சதுரங்கள், சுற்றிலும் குஞ்சம். நிஜமான சதுரங்கள். நடுவில் ஒரே ஒரு நீலம்.

"இது... இது எப்படி..." என்றேன்.

"நூல் நீங்க கொடுத்ததுதான் ஸ்கேல் சார்" என்றாள் மாடி அக்கா. "பழைய நூலைப் பிரிச்சு, நனைச்சு, காய வைக்கிறது இருக்கே, பின்னுறதைவிடப் பெரிய வேலை. மூணு பேருக்கும் அதை நினைச்சாலே மலைப்பா இருந்துச்சு. நீங்க பாருங்க, கூலி கேக்காம முடிச்சுக் கொடுத்துட்டீங்க."

"கடைசிக் கண்டு நேத்துதான் வந்துச்சு. குஞ்சத்துக்குச் சரியாப் போச்சு" என்றாள் நர்ஸ்.

என் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீலச் சதுரம் மட்டும்தாங்க நிஜமா நாங்க பின்னினது" என்றாள். "மறுநாள் அந்த உருண்டை கல்லு மாதிரி இருந்துச்சு. அச்சகத்துல புத்தகக் கட்டு கட்டுற மாதிரி நூலைச் சுத்துற ஆள் இந்த வீட்டுல ஒருத்தர்தான். அதுக்கப்புறம் கூடையில வெச்சது எல்லாம் வேற."

"வேற என்ன?"

"உங்க ஸ்வெட்டர். தையலைப் பிரிச்சு, முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு கைன்னு துண்டு துண்டா வெச்சேன். ஒன்பது ஸ்வெட்டர், முப்பத்தாறு துண்டு."

அரை அங்குலம் நீளமான துண்டு என் கண்முன் வந்து நின்றது. முதல் குளிர்காலம். சாம்பல் நிறம். இடது கை.

"அளந்துகூடப் பார்த்தீங்களாமே. பாப்பா சொன்னா" என்றாள். குரல் ஒரே சீராக இருந்தது. "நாலு வாரம் காத்திருந்தேங்க. ரெண்டுல ஒண்ணு நடக்கும்னு நினைச்சேன். 'அட, இது என் ஸ்வெட்டர் ஆச்சே'ன்னு ஒரு துண்டையாவது தெரிஞ்சுக்குவீங்க. இல்லைன்னா, 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்க. சொல்லியிருந்தா இந்தப் பெட்டியை இறக்கியே இருக்க மாட்டேன்."

நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள். மாடி அக்காவின் வாய் ஊசிகூட இந்தத் தடவை குத்தவில்லை.

"இப்பவாவது சொல்லுங்க சார்" என்றாள் அக்கா மெதுவாக. "ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாப்பா பெட்டியிலிருந்து எழுந்து நின்றாள். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அதுவும் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஸ்கேல் வெளியே வந்தது. குனிந்து, போர்வையின் ஓரத்துச் சதுரத்தில் வைத்தேன்.

"இது அரை அங்குலம் குறையுது" என்றேன்.

மாடி அக்கா போர்வையின் ஒரு நுனியைப் பிடித்தாள், நர்ஸ் மறுநுனியை. இருவரும் நடந்து வந்து சேர்ந்து மடித்தார்கள்.

என் மனைவி பாப்பாவின் முன்னால் மண்டியிட்டு, "நீ யார்கூட இருக்கப் போறே?" என்று கேட்டாள்.

பாப்பா அம்மாவோடு போவதாகச் சொன்னாள்.