பதினொரு முறை அணைத்த ஏர்பேக் விளக்கு

காரில் எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டால் கோளாறு சரியாகிவிட்டது என்று அர்த்தமா, இல்லை நம்மிடம் சொல்லிச் சொல்லிக் காருக்கே அலுத்துவிட்டதா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஏர்பேக் விளக்கு முதன்முதலில் சிவப்பாக எரிந்தபோது என் மகளுக்கு ஒன்பது மாதம். அவளைப் பின்சீட்டில் குழந்தை இருக்கையில் கட்டிவிட்டு, திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவள் நான். அந்த விளக்கு எரிந்தால், மோதும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று கையேட்டில் இருந்தது. (எங்கள் தெருவில் கையேட்டை முழுதாகப் படித்த ஒரே ஆள் நான்தான்.) வியாழக்கிழமை அவளுக்குத் தடுப்பூசி. அதற்குள் சரிசெய்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

"மெக்கானிக்காண்ட வுட்டுடேன்" என்றார் கணவர். இன்ஜினியரிங் படித்த மனைவியிடம் சொல்கிற பேச்சா இது?

ஆன்லைனில் ஒரு ஸ்கேனர் வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினேன். போனில் எரர் கோடு வந்தது: முன் இடது சீட், ஒயர் இணைப்பில் கோளாறு. அதன் கீழே 'அழி' என்று ஒரு பொத்தான். அமுக்கினேன், விளக்கு அணைந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'சரிசெய்துவிட்டேன்' என்று போட்டுப் பாராட்டும் வாங்கினேன். மறுநாள் மறுபடி எரிந்தது. மறுபடி அழித்தேன். வியாழனுக்குள் பத்து முறை. (ஒவ்வொன்றையும் நோட்டில் நேரத்தோடு குறித்திருக்கிறேன்.)

தடுப்பூசி முடிந்தது. வரும் வழியில், துணைக்கு வந்திருந்த மாமியார் காசிமேட்டில் இறங்கி மீன் வாங்கிக்கொண்டு மறுபடி முன்சீட்டில் ஏறினார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் விளக்கு. பின்னால் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓரமாக நிறுத்துவதாக நினைத்து நடுச்சாலையில் நிறுத்தி, ஸ்கேனரைச் சொருகினேன். பின்னால் லாரிகள் வரிசை கட்டின. ஒரு டிரைவர் இறங்கி வந்தார். 

"இன்னாம்மா, வண்டி ஸ்டார்ட் ஆவலயா?"

"ஆவுதுண்ணா. எரர் கோடு பாத்துட்டிருக்கேன்."

"அத்த வூட்டாண்ட போய் பாரேன்மா. நாங்க ஹார்பருக்குப் போவணும்."

பதினோராவது முறை அழித்துவிட்டு, நேராகத் தண்டையார்பேட்டை மெக்கானிக் தேவராஜ் அண்ணனிடம் போய் நோட்டை நீட்டினேன். அவர் அதைத் திறக்கவில்லை. மாமியாரை இறங்கச் சொல்லி, முன்சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு சொட்டும் பையை வெளியே இழுத்தார். உள்ளே சங்கரா மீன்.

"மீனு எதுக்கு இங்க கீது?"

"ஏசி காத்து அங்கதான் நைனா ஜில்லுனு வருது" என்றார் மாமியார், தெளிவாக. "டிக்கில வெச்சா வெந்துபூடும்."

மாதக்கணக்கில் அங்கேதான் வைத்திருக்கிறார். டிக்கியில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். (காரில் மீன் வாசனை எங்கள் பக்கம் கோளாறில் சேராது.) ஏர்பேக்குக்குப் போகும் ஒயர் இணைப்பு உப்புத் தண்ணீரில் பச்சை பூத்திருந்தது.

"எந்த சீட்டுன்னு போன்லயே சொல்லிச்சில்ல?" என்றார் தேவராஜ் அண்ணன். "ஒருவாட்டி குனிஞ்சி பாத்தியாம்மா?"

பார்க்கவில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அவர் இணைப்பை மாற்றினார். அதன் பிறகு விளக்கு எரியவே இல்லை. ஆனால் வீட்டில் குழந்தை அழுதாலும் சரி, குழம்பில் உப்பு கூடினாலும் சரி, "பொத்தான அமுக்கி அழிச்சிடேன்" என்கிறார் கணவர்.

மாமியார் திருந்திவிட்டார். மீனை இப்போது சீட்டுக்கு அடியில் வைப்பதில்லை. அலுமினிய அன்னக்கூடையில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறார், வேலை செய்கிற ஏர்பேக்குக்கு நேர் எதிரே. அது விரிந்தால் அன்னக்கூடை எந்தப் பக்கம் பறக்கும் என்று கையேட்டில் இல்லை. அவர் மனம் நோகாமல் மீனை டிக்கிக்கு அனுப்ப வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த தடுப்பூசிக்கும் அவர்தான் துணைக்கு வருகிறார்.