பத்தாம் மாதத்தில் விலகும் நர்ஸ் எழுதுவது

துலூத், மினசோட்டா
அக்டோபர் 22, புதன்கிழமை

இருபத்திரண்டு பேருக்குக் கப்பலில் சமைத்துப் போடும் அன்புள்ள சிக்ரிட் அக்காவுக்கு, கரையில் ஒருவருக்கும் உபயோகமில்லாத தம்பி நீல்ஸ் எழுதிக்கொள்வது. நான் நலம். முதல் வரியில் அப்படி எழுதுவது மரியாதை என்பதால் எழுதினேன். முழுவதையும் படித்த பிறகு நீயே அடித்துவிடலாம். டெட்ராய்ட் ஆற்றில் அஞ்சல் படகு உங்கள் கப்பலை ஒட்டி வரும்போது கடிதங்களை வாளியில் போட்டுக் கயிற்றால் இழுப்பீர்களே, அப்போது இந்தக் கடிதம் நழுவித் தண்ணீரில் விழுந்தால் யாரையும் திட்டாதே. என் பாதி மனம் அதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். நர்ஸ் படிப்பை விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் விலகல் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு விலக முடியாது, தோற்க மட்டும்தான் முடியும். படிவத்தை நிரப்பி நாலாக மடித்துச் சீருடைப் பையில் வைத்திருக்கிறேன். 'காரணம்' என்ற இடத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். மிச்சம் உனக்கு.

இது ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களைப் பதினைந்தே மாதத்தில் நர்ஸ் ஆக்கும் இரண்டாம் இளங்கலை. முதல் பட்டம் எதுவாக இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள், அதுதான் ஆபத்து. எங்கள் வகுப்பில் ஒருவர் இசை படித்தவர், டெக்சஸிலிருந்து வந்த கார்மென் வக்கீல், நான் தத்துவம். மனிதன் என்றால் யார் என்று நாலு வருடம் படித்த எனக்கு அவனுடைய கல்லீரல் எந்தப் பக்கம் என்பது இந்த ஜனவரியில்தான் தெரிந்தது. தேர்வுக் கேள்விகளைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். ஒரு நோயாளி, நாலு விடைகள், நாலும் சரி. ஆனால் இவற்றில் எதை முதலில் செய்வாய் என்று கேட்பார்கள். முதல் தேர்வு முடிந்ததும் நான் எழுந்து, 'முதலில்' என்ற சொல்லுக்கே அடிப்படை இல்லை என்று வாதாடினேன். எங்கள் ஆசிரியை வெர்னா நீமி முப்பத்தைந்து வருடம் வார்டில் நின்றவர். கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"நீ பேச ஆரம்பிச்சப்போ அந்த நோயாளிக்கு மூச்சுத் திணறல் இருந்துச்சு, நீல்ஸ். இப்போ இல்ல. ஏன்னு யோசிச்சிட்டு உக்காரு."

அடுத்து ஹெரால்ட். ஹெரால்ட் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. கண் சிமிட்டும், மூச்சு விடும், கூப்பிட்டால் முனகும். அவருக்கு மாத்திரை கொடுப்பதுதான் பரீட்சை. கை கழுவினேன், வணக்கம் சொன்னேன், வானிலை விசாரித்தேன், வலி எப்படி என்று கேட்டேன், தலையணையைச் சரிசெய்தேன், மாத்திரையையும் கொடுத்துவிட்டேன். பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு மணிக்கட்டுப் பட்டையில் சரிபார்க்க மட்டும் மறந்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வெர்னாவின் குரல் வந்தது: "வாழ்த்துகள். பக்கத்துக் கட்டில்காரரோட மாத்திரையக் குடுத்து ஹெரால்டக் கொன்னுட்ட. அவங்க குடும்பத்துக்கு ஒரு இரங்கல் கடிதம் எழுதி நாளைக்குக் கொண்டா." எழுதினேன், நாலு பக்கம். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கே கண்ணு கலங்கிடுச்சுப்பா. இவ்வளவு நல்லா வருத்தப்படத் தெரிஞ்சவன், முன்னாடியே பேரக் கேட்டிருக்கலாம்ல?"

அக்கா, என் வாழ்க்கையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அதன் பிறகு எதைச் செய்வதற்கு முன்பும் பெயரும் பிறந்த தேதியும் கேட்பது என் கையோடு ஒட்டிக்கொண்டது. தேவாலய விருந்தில் என்னை உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்து வாட்டிய ஹாட்டிஷ் பரிமாற விட்டார்கள். கரண்டியைத் தூக்கினேன், எதிரில் தோர்கர்சன் அம்மாள் தட்டோடு நின்றார், "உங்க பேரு, பிறந்த தேதி சொல்லுங்கம்மா" என்றேன். ஆறு வருடமாக மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தவர், வாய்ப் பழக்கத்தில் ஆண்டோடு சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர் ஹார்வி. இந்தக் கோடையிலிருந்து அவரைக் காரில் அழைத்துக்கொண்டு சுற்றும் அதே ஹார்வி. விரல் விட்டு எண்ணினார்.

"அப்போ பள்ளிக்கூடத்துல நீ எனக்கு எட்டு வகுப்பு மேலயா, ஐரீன்?"

ஹாட்டிஷைக் கேட்டு வாங்கியவர்கள் அதற்கு மேல் யாரும் இல்லை.

இதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இதற்காக யாரும் படிப்பை விடமாட்டார்கள். விடுவதற்குக் காரணம் இன்று காலை நடந்தது.

எங்கள் வார்டில் ஓஜாலா என்று ஒரு பெரியவர். இரும்புத் தாது ஏற்றும் கப்பல்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம். விழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கும்வரை வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று தலைமாட்டில் பலகை மாட்டியிருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து அவர் கார்மெனின் பொறுப்பு. வாயைத் துடைத்து ஈரமாக்க வேண்டும். கார்மென் போய், "ஐயா, வாயைக் கொஞ்சம் நனைச்சு விடட்டுமா?" என்று நல்லபடியாகத்தான் கேட்டாள். "வேண்டாம்மா, உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றார் அவர். கார்மென் வக்கீல், வேண்டாம் என்றால் வேண்டாம். 'மறுத்தார்' என்று பதிந்துவிட்டு வந்தாள். மூன்று நாளாக அதே பதிவு. அவருடைய உதடு மரப்பட்டை மாதிரி வெடித்திருக்கிறது.

டெக்சஸ்காரிக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது. நமக்குத் தெரியாதா? நம் வீட்டில் யார் காபி நீட்டினாலும் முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவை உங்களுக்கு எதுக்குச் சிரமம், மூன்றாம் தடவைதானே, சரி, கொஞ்சமா. நான் கதவருகே துணி மடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் புரிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்தவர் நோயாளி, அடுத்தவர் வேலை, ஏன் தலையிட வேண்டும்.

அப்போதுதான் தெரிந்தது. பத்து மாதம் படித்தும் நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த நாற்காலி என்று நீ கேட்பாய். உட்கார்ந்து படி.

போன நவம்பருக்கு முந்திய நவம்பர். அம்மாவின் கட்டிலுக்கு மேலும் அதே பலகைதான், பக்கத்து நாற்காலியில் நான். நீ ஹ்யூரான் ஏரி நடுவில் புயலில் இருந்தாய். அன்று மதியம் அம்மா கண்ணைத் திறந்து, "நீல்ஸ், தண்ணி" என்றாள். நான் பலகையைக் காட்டினேன். காட்டினேன், அக்கா, விரலால். கடமை என்பதைப் பற்றி நாற்பது பக்கம் ஆய்வு எழுதியவன் இல்லையா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "தண்ணி." பிறகு இன்னொரு தடவை. அழைப்பு மணி என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. நர்ஸுக்கு வேலை இருக்கும், இதற்குப் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தேன். தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் நேராகக் கேட்காத மனுஷி மூன்று தடவை கேட்டாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மாலை ஆறரைக்கு முடிந்தது.

நீ கப்பலிலிருந்து கூப்பிட்டு, "அம்மா கடைசியா ஏதாவது கேட்டாளா?" என்றாய்.

"எதுவும் கேக்கல. அமைதியா இருந்தா" என்றேன்.

நீ அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த இரண்டு வருடத்தை ஓட்டியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அடக்கத்தன்று எல்லோரிடமும் அதையே சொன்னாய்.

ஜனவரி, படிப்பின் இரண்டாவது வாரம். வெர்னா ஒரு குச்சியைக் காட்டினார். பென்சிலை விட மெலிசு, நுனியில் இளஞ்சிவப்பாகச் சின்ன ஸ்பாஞ்சு. தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து உதடு, ஈறு, நாக்கு என்று துடைக்க வேண்டும். "வாய்வழி எதுவும் கூடாதுன்னா இது கூடாதுன்னு அர்த்தமில்ல. கூட இருக்கறவங்க மணி அடிச்சு நர்ஸக் கேட்டா அவங்க செய்வாங்க" என்றார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய்ப் பத்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அந்தக் குச்சிகள் அம்மாவின் அறை அலமாரியிலும் இருந்தன. பல் துலக்கும் பொருள் என்று நினைத்திருந்தேன்.

நர்ஸ் ஆனால் அது சரியாகிவிடும் என்று நம்பித்தான் படித்தேன். ஆகவில்லை. எப்படிச் செய்வது என்று இப்போது தெரியும், ஆனால் செய்யாதவனாகவே இருக்கிறேன். எனவே விலகல்.

கப்பலில் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல். எஞ்சின் அறைக்காரர்களின் முதுகுவலிக்கு நான் சொன்ன பயிற்சியை இனி நம்ப வேண்டாம் என்றும் சொல். காற்றும் அலையும் உனக்குச் சாதகமாக இருக்கட்டும், அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன தம்பி,
நீல்ஸ்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் படிவத்தோடு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். போகிற வழியில் ஓஜாலாவின் அறை. கார்மென் வேறு கட்டிலில் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனேன். பெயரும் பிறந்த தேதியும் கேட்டேன்.

"எதுக்கு, கேக் வாங்கித் தரவா?" என்றார். சொன்னார். பட்டையில் பார்த்தேன். சரி.

"வாயை நனைச்சு விடவா?"

"வேண்டாம் தம்பி. நீ போற வழியப் பாரு."

பக்கத்தில் உட்கார்ந்து ஏரியில் காற்று எப்படி, மீன் எப்படி என்று பேசினேன். பிறகு மறுபடி கேட்டேன்.

"உனக்கு எதுக்குப்பா சிரமம்?"

மீனுக்குத் திரும்பினோம். அவருக்குப் பேச்சு குளறுகிறது, அதனால் ஒரு மீன் பிடிபடுவதற்குள் நேரம் ஓடிவிட்டது. மூன்றாம் தடவை கேட்டேன்.

"சரி. நீ இவ்வளவு வற்புறுத்துனா."

ஸ்பாஞ்சு நாக்கில் பட்டதும் குச்சியைப் பல்லால் கவ்விக்கொண்டு விடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம் கழித்து விட்டுவிட்டு, "இன்னொண்ணு... உனக்குத் தொந்தரவு இல்லேன்னா" என்றார். ஐந்து குச்சி.

வாசலில் வெர்னா நின்றிருந்தார். சுவரில் மணி பன்னிரண்டு இருபது.

"ஆபீஸ்ல ஏதோ வேலை இருக்குன்னு காலைல சொன்னியே?"

"நேரம் முடிஞ்சுபோச்சு மேடம்."

"ம். பதிவுல என்ன எழுதப் போற?"

"மறுத்தார். மறுத்தார். ஏற்றுக்கொண்டார்."

"அதைக் கார்மெனுக்கும் சொல்லிக் குடு," என்று போய்விட்டார்.

ஆகவே, மேலே நான் விலகுவதாக எழுதியதையெல்லாம் அடித்துவிடு. அம்மா தண்ணீர் கேட்டதை மட்டும் அடிக்காதே. அது அப்படியே இருக்கட்டும்.

உன் கப்பல் ஒன்பதாம் தேதி இங்கே வருகிறது என்று பட்டியலில் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போ. வேண்டாம் என்றுதான் சொல்வாய். சொல்ல உனக்கு இந்தத் தடவை காரணமும் இருக்கிறது. சொல்லு.

நான் இப்போதுதான் முதல் தடவை கேட்டிருக்கிறேன்.