செருப்பால் அடித்த இசை

வடக்கில் சங்கீதத்தைக் கொடுமைப்படுத்திய எல்லாரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் எங்கள் பைப் மாஸ்டரை மட்டும் ஏற்றினால், மாஸ்டரின் தட்டு நிலத்தில் முட்டும்.

மானிப்பாயில் என் வேலிக்கு அடுத்த வளவு அவருடையது. அவர் யாருக்கும் எதையும் படிப்பித்தவர் அல்லர். தண்ணீர் மோட்டரும் குழாயும் பூட்டுவது தொழில். காதில் பென்சில் செருகியிருந்ததால் மாஸ்டர் ஆனார். அறுபத்தெட்டு வயதில் தொழிலை விட்டார். விட்டிருக்கக் கூடாது. மிஞ்சிக் கிடந்த பிளாஸ்டிக் குழாய்களை வெவ்வேறு நீளத்தில் அரிந்து, மரச்சட்டத்தில் வரிசையாகக் கட்டி, அவற்றின் வாயில் ரப்பர் செருப்பால் அடிக்கத் தொடங்கினார். நீளக் குழாய் ‘பொம்’ என்னும். கட்டைக் குழாய் ‘பிம்’ என்னும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் செய்ததற்கெல்லாம் ‘உருப்படி’ என்று பெயர் வைத்தார்.

அவருக்கு ஒரு கொள்கை வேறு. கோயிலில் பாடுகிற ஆயிரம் வருடத்துப் பண் ஒன்று. அது முடிந்த கையோடு அவர் போன கிழமை இயற்றிய உருப்படி ஒன்று. இப்படி மாறி மாறிக் கச்சேரி.

“தம்பி, பழசு கிணறு. புதுசு மோட்டர். ரெண்டும் இருந்தாத்தான் தண்ணி வரும்” என்றார் என்னிடம். எனக்கு அறுபது வயது, தலையில் மயிர் இல்லை. அவருக்கு நான் தம்பிதான். எனக்கு வந்தது தண்ணீரல்ல, தலையிடி.

ஒருநாள் பட்டினம் போய்வர என் சைக்கிளை இரவல் வாங்கினார். சைக்கிள் திரும்பி வந்தபோது முன் சில்லு இல்லை.

“மாஸ்டர், சில்லு எங்கை?”

“அதின்ரை கம்பியளைத் தட்டிப் பாத்தன் தம்பி. என்ன நாதம்! உங்கடை சில்லு சைக்கிளிலை வீணாப் போய்க்கொண்டிருந்தது.”

நான் ஒரு மாதம் பஸ்ஸில் போனேன். ஆத்திரத்தில், இதே பத்திரிகையில் அவரைக் கிழித்து ஒரு பக்கம் எழுதினேன். அடுத்த கிழமை அந்தப் பக்கம் பிளாஸ்டிக் உறை போட்டு அவர் வாசல் கேற்றில் தொங்கியது.

“வாசிச்சியளோ?” என்று கேட்டேன்.

“கண்ணாடி உடைஞ்சு போச்சு, வாசிக்கேல்லை. ஆனா என்ரை படம் வடிவா வந்திருக்கு.”

இப்படிப்பட்டவருக்குப் பண் பாட யார் வருவார்? வந்த மூன்று பேரும் முதல் ஒத்திகையோடு ஓடினார்கள். கடைசியில் பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சரைப் பிடித்தார்.

ரீச்சர் எங்கள் கோயிலில் முப்பது வருடம் பண் பாடியவர். தொண்டையில் ஒப்பரேசன் செய்தபின் அவருடைய குரல் இறங்கி, ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ போய் நின்றுவிட்டது. வாசிக்கிறவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கோயில் சபைச் செயலாளர் நான். “ரீச்சர், நீங்கள் இனி ஓய்வெடுங்கோவன்” என்று சொன்னதும் நான்தான். அவர் கைத்தாளத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பிறகும் கோயிலுக்கு வருவார். எல்லாரும் பாடும்போது வாயைக்கூட அசைக்கமாட்டார்.

அவர் மாஸ்டர் வீட்டுக்கு ஒத்திகைக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் சண்டை பிடிக்கப் போனேன்.

“பதிகத்துக்குப் பக்கத்திலை செருப்போ? சபை விடாது!”

மாஸ்டர் யோசித்தார். கத்தியை எடுத்தார். இரண்டு செருப்பிலும் வாரை அறுத்து எறிந்தார்.

“இப்ப உது செருப்பில்லை. ரப்பர்.”

 ரீச்சர் கதிரையில் அமர்ந்தபடி மெல்ல ஒரு சுரம் பிடித்தார். மாஸ்டர் ஒரு குழாயை அடித்துப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் மேலை” என்றார் ரீச்சர்.

மாஸ்டர் ஒரு விரற்கடை அரிந்தார். “இப்ப?”

“இன்னும் ஒரு நூல்.”

“மாஸ்டர், ஆர்மோனியத்திலை இல்லாத சுருதி உது!” என்றேன்.

“ஓம் தம்பி. பெட்டியை அரிய ஏலாது. பைப்பை அரியலாம்.”

கச்சேரி சனசமூக நிலையத்தில். நாற்பது கதிரை, பதினான்கு பேர். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். நான் குறை பிடிக்கவென்றே முன்வரிசையில் இருந்தேன்.

ரீச்சர் பாடினார். குரல் தடித்திருந்தது, கரகரத்தது. ஆனால் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மாஸ்டர் அடிக்கிறாரா, தடவுகிறாரா என்று தெரியாத அளவு மெதுவாக, குழாய்கள் அந்தக் குரலுக்குக் கீழே நின்று அதைத் தாங்கின. சிறுவயதிலிருந்து நான் கேட்ட பண்தான். நிமிர்ந்து ரீச்சரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உடனே, மாஸ்டரின் உருப்படி. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையைப் பற்றியதாம். இருபது நிமிடம். என் சில்லும் அதில் இருந்தது. ஆலை ஓடிய காலத்தில்கூட அவ்வளவு இரைச்சல் வந்திருக்காது. மழைக்கு வந்த நாலு பேரும் மழைக்குள் இறங்கிப் போனார்கள்.

முடிந்ததும் ரீச்சரிடம் போனேன். “ரீச்சர், நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கோயிலிலை பாடுவியளோ?”

“பாடுவன். மாஸ்டரும் வருவார்.”

சபையைக் கூட்டினேன். வார் இல்லாதது செருப்பாகாது என்று நானே பிரேரித்து, நானே வாதாடி, நானே குறிப்பேட்டில் எழுதினேன். இப்போது வெள்ளிதோறும் ரீச்சர் பாடுகிறார். பண் முடிந்து உருப்படி தொடங்கும்போது கோயில் ஐயர் உட்பட எல்லாருக்கும் வெளியே ஏதோ ஒரு அலுவல் வந்துவிடுகிறது.

மாஸ்டரின் உருப்படிகள் பற்றி என் கருத்து மாறவில்லை. கேவலம். போன கிழமை இரண்டு நாளாக அடுத்த வளவில் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் காலை, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் போர்த்திக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

“என்ன மாஸ்டர், சத்தத்தைக் காணேல்லை?”

“காய்ச்சல் தம்பி. உங்களுக்கு நிம்மதிதானே?”

“ஓம், பெரிய நிம்மதி” என்றேன். பிறகு உள்ளே போய், என் மனிசி கொதிக்க வைத்துத் தந்த மல்லித் தண்ணியைக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினேன். “சூட்டோடை குடிச்சிட்டு, கெதியா எழும்பி அடியுங்கோ.”