பக்கத்து மாநிலத்துப் புகை

செல்லபாயின் புகையில்லா அடுப்புக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரச் சாயிப்பு எந்த நிமிடமும் வந்துவிடுவார்.

கிராம சேவகர் வேதமாணிக்கம் அடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். கேரள எல்லையிலிருக்கும் காரோட்டில் எல்லா வீட்டிலும் இந்த அடுப்புதான் எரிகிறது என்று மேலிடத்தில் சொல்லிவைத்தவர் அவர்தான். பூமி சூடாவதைத் தடுக்க நாடுகளெல்லாம் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம். அதன் பேரில் அடுப்புக்குப் பணம் தந்த நாடு, புகை நின்றதா என்று பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறது. பொய் வெளிப்பட்டால் வேதமாணிக்கத்துக்கு வடகோடிக் காசர்கோட்டுக்கு மாற்றம். ஏற்கெனவே ஒருமுறை அங்கே போய், ஓட்டல் சோறு தின்று குடலைப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர், பாவம்.

"ஏன்க்கா இதுல சமைக்கல்ல?" என்று அலுப்போடு கேட்டார்.

"புகை இல்லேண்ணா ரப்பர் ஷீட்டு எப்பிடி சாறே ஒணங்கும்? பூசணம் பிடிச்சுப் போவும்லா."

அதுவும் நியாயம்தான். பழைய அடுப்பு ஒரு மூலையில் நிம்மதியாகப் புகைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே பரணில் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கின. அடுப்பைக் கட்டுமுன் இதை யாராவது கேட்டிருக்கலாம். யார் கேட்டார்கள்?

கோழியை முட்டைகளோடு கூடைக்கு மாற்றியதில் அவர் கையில் இரண்டு கொத்து விழுந்தது. அடுப்பு மூட்டினால் புகை முகத்தில் அடித்தது. புகைக்குழாய் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தது. அதைச் சேறும் சகதியுமாகப் பிடுங்கி வந்து மாட்டினார். பழைய அடுப்பை அணைத்து, ஓலைப்பாயால் மூடினார். ஷீட்டுகளை அள்ளிப் பக்கத்து வீட்டு விஜயம்மாவிடம் கொடுத்தார்.

விஜயம்மா நல்லவள். ஊரார் ஷீட்டு கெட்டுவிடக்கூடாதே என்று ஈரத் தேங்காய் மட்டைகளை அடுப்பில் குவித்துவிட்டாள்.

ஜீப் வந்தது. சாயிப்பு செல்லபாயின் அடுக்களையைப் பார்த்துத் தலையாட்டினார். வெளியே வந்தவர் அப்படியே நின்றார். விஜயம்மா வீட்டுக் கூரை தீப்பிடித்ததுபோல் புகைந்துகொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டார்.

ஜீப் ஓட்டுநர் ஜெயதாஸ் கோவளத்தில் டாக்சி ஓட்டி இங்கிலீஷ் படித்தவன். அவனிடம் வேதமாணிக்கம் மெதுவாகச் சொன்னார்: "அது தமிழ்நாடாக்கும்ணு சொல்லு மக்கா. நம்ம கணக்குல வராது."

எல்லை இன்னும் தெற்கே இருந்தது. அவசரத்துக்கு வேறு என்ன செய்வார்?

அந்த நேரம் பார்த்து விஜயம்மா இருமிக்கொண்டே வெளியே வந்து, செல்லபாயின் ஷீட்டெல்லாம் நன்றாகப் புகை பிடித்துவிட்டது என்றாள். அதோடு விட்டாளா? "எனக்க அடுப்புக்கக் குழலும் ஓட்டையாப் போச்சு சாறே. காரோடு பஞ்சாயத்துல சொல்லி மாத்தித் தரணும்" என்று கேட்டாள். ஜெயதாஸ் அதையும் வரி விடாமல் மொழிபெயர்த்தான். கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வந்த கோழி, சாயிப்பின் கால்களுக்கிடையே புகுந்து தன் அடுப்பைப் பார்க்க ஓடியது.

சாயிப்பு கோழியைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், வேதமாணிக்கத்தின் சேற்றுக் கைகளைப் பார்த்தார். அந்தக் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வேதமாணிக்கம் மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்தார். மனைவி ரெஜிலாவிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. பழி புகைமேல் போனது.

ஜீப்பைக் கிளப்பப் போன ஜெயதாஸ், சாயிப்பு ஏதோ சொன்னதைக் கேட்டுவிட்டு இறங்கி அவரிடம் வந்தான்.

"பயப்படாண்டாம் சாறே, அவரு எல்லாம் கண்டு மனசிலாக்கியாச்சு, ஆனா அவங்க நாட்டுல குறைக்காத புகைக்குப் பதிலா நம்ம அடுப்பையாக்கும் கணக்கு காட்டணும், இங்க புகை உண்டும்ணு எழுதினா மாற்றம் அவருக்காக்கும்."