மென்னோனைட் சபைக்கு டிரம்ஸ் வந்த கதை

"அடிக்குரல் பாடுறவங்கெல்லாம் எங்கப்பா போனீங்க?" என்று வால்டமர் பல்லைக் கடித்தார்.

"இங்கதான் நிக்கிறோம். திரையில வார்த்தை மட்டும்தானே ஓடுது? சுரக்குறிப்பு இல்லாம நாங்க எங்க ஏறுறது, எங்க இறங்குறது?" என்றார் பன்றிப்பண்ணை ஐசக்.

கனடாவின் மனிடோபாவில், வாத்தியமே இல்லாமல் நாலு குரல் பிரித்துப் பாடுகிற அந்த மென்னோனைட் கிறிஸ்தவ சபையில் கைக்குழந்தைகூட நாலு குரலில்தான் அழும். அப்படிப்பட்டவர்களின் பாட்டுப் புத்தகத்தை ஒளித்துவைத்துத் திரை மாட்டியது சபை மூப்பர் வால்டமர்தான். எல்லாம் பின்வரிசையில் இருந்த கோல்பி, மரென் தம்பதிக்காக. நகரத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள். ஜலப்பிரளயத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்த முதல் இளசுகள். இவர்களும் போய்விட்டால் சபையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

தள்ளாடிய பாட்டைத் தாங்கிப்பிடிக்க அடுத்த ஞாயிறு டிரம்ஸ் வந்தது. ஐசக் வேலிக்கம்பம் இறக்குகிற வேகத்தில் அடித்தார். பக்கத்து ஊர் மாடுகள் பாலை அடக்கிக்கொண்டன.

சத்தத்தைக் குறைக்க, பெண்கள் தைத்த ஒட்டுப்போர்வைகளை வால்டமர் டிரம்ஸ்மேல் போர்த்தினார்.

"ஏங்க, மேடையில யாரோ காய்ச்சலா படுத்திருக்காப்ல இருக்கு," என்றார் மனைவி ஹெல்கா.

அதை மறைக்கத்தான் புகை மெஷின்.

புகை கிளம்பியது. முன்வரிசையில் ஆகனேத்தா டோவ்ஸ், சபையிலேயே மூத்தவர், கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். 'சாபம் விடுறாங்களோ?' வால்டமர் அவசரமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் அபாய மணி அலறியது. ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் வேறெங்கிருந்தும் வரவில்லை. ஆண்கள் வரிசையிலிருந்தே எழுந்து ஓடி, தலைக்கவசத்தோடு வண்டியில் திரும்பி வந்தார்கள். வந்ததும் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். திரை செத்தது, மைக் செத்தது. பயந்துபோன ஐசக்கும் குச்சியைக் கீழே போட்டார்.

அந்தப் புகையிருட்டில் யாரோ ஒருவர் சுருதி பிடித்தார். அவ்வளவுதான். மனப்பாடமாய் இருந்த பழைய துதிப்பாட்டு நாலு குரலில் எழுந்து கூரையைத் தொட்டது. தலைக்கவசங்களும் சேர்ந்து பாடின.

மரென் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வால்டமர் பதறி ஓடினார். "தப்பா நினைக்காதம்மா! அடுத்த வாரம் கலர் விளக்கு போட்டுடறோம்..."

"ஐயோ, வேணாங்க! நகரத்துச் சபையோட ஆர்ப்பாட்டத்துக்கெல்லாம் தப்பிச்சுதான் இங்க வந்தோம். நீங்க இப்படியே பாடினா நாங்க வேற எங்கயும் போக மாட்டோம்."

"வேற எங்கயும்," என்றான் கோல்பி.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்றார் வால்டமர். ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் முட்டைக்கோஸ் சூப்பு ஊற்றினார். மேசை மேசையாய்ப் போய்ச் செய்தி சொன்னார். கடைசியில் தைரியம் வரவழைத்துக்கொண்டு ஆகனேத்தாவின் முன் குனிந்தார்.

"அம்மா, உங்க ஜெபம் கேட்கப்பட்டுச்சு. டிரம்ஸை நாளைக்கே திருப்பி அனுப்பிடறோம்."

ஆகனேத்தா சூப்புக் கரண்டியைத் தொப்பென்று போட்டார்.

"அடப்பாவி! எண்பது வருஷம் முட்டி தேய ஜெபம் பண்ணி இப்பதான்டா ஆண்டவர்கிட்ட ஒரு டிரம்ஸ் வாங்கினேன், அதையும் இந்தப் பொடிசுங்க வந்து கெடுத்துடுச்சுங்களே!"