தூக்கிப் போடுது

காலையில் போட்ட சாக்பீஸ் கோடு இடம் மாறியிருந்தது.

வேனின் முன்சக்கரத்தில், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேராக, அலுவலகம் கிளம்பும் முன் மில்லிமீட்டர் தன் கையாலேயே இழுத்த கோடு அது. சாயங்காலம் வந்து குனிந்து பார்த்தால் மட்கார்டுக்குள் ஏறி நிற்கிறது. வேன் என்னவோ வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது. சாவி ஆணியில் தொங்குகிறது. கதவைத் திறந்தார். டிரைவர் சீட் நான்கு விரற்கடை முன்னால் வந்திருந்தது. கண்ணாடி, யாரோ குள்ளமானவர் பார்ப்பதற்கு வாகாக, கீழே சாய்ந்திருந்தது.

சட்டென்று இரண்டடி பின்வாங்கினார். ஆனாலும் டேப்பை எடுத்துச் சீட்டை அளந்தார். எட்டு சென்டிமீட்டர், மூன்று மில்லிமீட்டர்.

மில்லிமீட்டர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது உத்தியோகம். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும். இப்படிப்பட்ட மனுஷனிடம் போய்ப் பேய் வாலாட்டலாமா?

வேன் வாங்கியதே மனைவிக்காகத்தான். மகளுக்கு வருகிற இருபதாம் தேதி பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் இருப்பது பத்து மணி நேரப் பயணத் தூரத்தில், ரயில் போகாத ஊரில். மனைவிக்கு முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியிருந்தது. பஸ் என்றாலே நடுங்குவாள். "அவ வலியில துடிக்கிறப்போ பக்கத்துல இல்லேன்னா நான் என்ன அம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். அன்றைக்கு மில்லிமீட்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

படுத்தபடியே போக ஒரு வண்டி வேண்டும் என்று தேடினார். படுத்தபடியே போவதற்கென்று கட்டிய வண்டி உலகத்தில் இரண்டுதான். ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை, அமரர் ஊர்தி கிடைத்தது. பின்னால் நீளக் கட்டில், மெத்தை, டிரைவருக்கும் கட்டிலுக்கும் நடுவே பலகைத் தடுப்பு என்று எல்லாம் தயாராக இருந்தது. நீல வண்ணம் அடித்தார். சாய்ந்த வெயிலில் மட்டும் பழைய எழுத்துகள் வண்ணத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். மனைவியிடம் பால் வண்டி என்று சொல்லி வைத்திருந்தார்.

விற்றவரிடம் பழைய டிரைவரைப் பற்றி விசாரித்தபோது, இருபது வருஷமாக ஒரே ஆள்தான் என்றார். குள்ளமான மனுஷன், வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டார், வண்டியை அடுத்தவர் தொடவும் விடமாட்டார்.

"இப்ப எங்க இருக்காரு?"

"கடைசில அவரும் பின்னாடி படுத்துத்தான் போனாரு."

முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கட்டிலில் படுக்க வைத்து மூன்று தெரு சுற்றினார். முப்பது வருஷமாக ஓட்டுகிறார், ஒரு கீறல் கிடையாது. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. கிளம்பும்போது வண்டி ஒரு துள்ளு துள்ளியது. பழைய இஞ்சின், துள்ளத்தான் செய்யும். திரும்பி வந்ததும் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"வண்டி கொஞ்சம் தூக்கிப் போடுதுங்க."

"எங்க? முன்னாலயா, பின்னாலயா?"

அவள் அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "பொதுவா" என்றாள்.

பொதுவாகத் தூக்கிப் போட்டால் டயர்தான் காரணம் என்று டயர்க்கடைக்காரர் சொன்னார். ஒல்லி டயர், பக்கவாட்டுச் சுவர் உயரமே இல்லை, அப்புறம் தூக்கிப் போடாமல் தாலாட்டுமா என்று கேட்டார். அது நியாயமாகப் பட்டது. மில்லிமீட்டர் கடையிலிருந்த டயரையெல்லாம் டேப் வைத்து அளந்து, கடைக்காரருக்கு வேர்க்க வைத்து, ஒரு அங்குலம் பெரிய சக்கரமும் நல்ல உயரமான டயரும் தேர்ந்தெடுத்தார். வளைவில் திரும்பும்போது டயர் மட்கார்டை உரசி, யாரோ பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் வந்தது.

உரசாமல் இருக்க வண்டியை உயர்த்த வேண்டும் என்றார் பட்டறைக்காரர். பின்னால் ஸ்பிரிங் பட்டையில் இரண்டு பட்டை சேர்த்து, முன்னாலும் அதே உயரத்துக்குத் தூக்கிவிட்டார். உரசல் போனது. ஆனால் வண்டி பாறையாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குப் பிறகு மனைவி திங்கள் முழுக்க எழுந்திருக்கவில்லை. மில்லிமீட்டர் வெந்நீர்ப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. தேதி ஒன்று.

பட்டைகளைக் கழற்றிவிட்டுக் காற்றுப் பை வைத்த சஸ்பென்ஷன் போட்டார். பஸ்ஸிலெல்லாம் இருக்கிற சங்கதி, மெத்தென்று போகும் என்றார்கள். அது வண்டியை இன்னும் ஒரு அங்குலம் தூக்கிவிட்டது. இஞ்சினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, ஆள் இல்லாத வண்டி 'உஸ்ஸ்' என்று நீளமாகப் பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. அப்போதுதான் சீட் நகர்ந்திருப்பதை மில்லிமீட்டர் முதன்முதலில் கவனித்தார். சாக்பீஸ் கோடு போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனையும் அப்போது வந்ததுதான்.

கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பார்த்தார். காலைக்கும் மாலைக்கும் பதினொன்று கூடியிருந்தது. பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும். ஆகவே பேய் உண்மையில் ஓடியது பன்னிரண்டு புள்ளி மூன்று என்று நோட்டில் திருத்தி எழுதினார். பயம் பயம்தான், அளவு அளவுதான்.

மத்தியானம் ஏதாவது சத்தம் கேட்டதா என்று மனைவியிடம் மெதுவாக விசாரித்தார். மாத்திரை போட்டால் இடி விழுந்தாலும் தெரியாது என்று சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மேலே கேட்க அவருக்குத் தைரியமில்லை. பேய் வண்டி என்று தெரிந்தால் ஏறமாட்டாள். ஏறாவிட்டால் மகளைப் பார்க்க முடியாது.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாதான் அடுத்த நாள் அவரை வழிமறித்தாள். மத்தியான வெயிலில் வேன் தானாகக் கிளம்பிப் போனதைப் பார்த்தாளாம். முன்னெல்லாம் அதன் முகத்தில் ரத்தம் மாதிரி சிவப்பாக ஏதோ எழுதியிருக்குமாம். இப்போது அதுவும் இல்லையாம்.

"யார் ஓட்டினாங்க?"

"டிரைவர் சீட்ல ஆளே இல்ல, சார். ஸ்டீரிங் அதுபாட்டுக்குத் திரும்புது. பக்கத்து சீட்ல ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் கையக் கட்டிட்டு, வாய் மட்டும் முணுமுணுன்னு..."

மில்லிமீட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓட்டுவது வெள்ளைச் சட்டைக்காரர் இல்லையென்றால் ஓட்டுவது யார்? ஒன்றுக்கே வழி தெரியவில்லை, இப்போது இரண்டா?

குள்ளப் பேய்க்குக் கால் எட்டாமல் செய்துவிடலாம் என்று சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி போல்ட் போட்டு முறுக்கினார். மறுநாள் மாலை சீட் அப்படியே இருந்தது. ஆனால் க்ளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றின் மேலும் கட்டைத் துண்டுகள் வைத்து வெள்ளைத் துணியால் இறுகக் கட்டியிருந்தது. துணியின் முடிச்சு அவ்வளவு நேர்த்தியாக இருந்ததுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது.

தேதி பன்னிரண்டு ஆகிவிட்டது. இனி ஒளிந்து பயனில்லை என்று அரை நாள் லீவு போட்டார். பின்பக்கமாக வந்து, தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் வேனின் பின்கதவைத் திறந்து, கட்டிலில் நீட்டிப் படுத்து, விரித்திருந்த வெள்ளை விரிப்பைத் தலைவரை இழுத்துக்கொண்டார். அந்த வண்டியில் அந்தக் கோலத்தில் படுத்த எவருக்கும் இதயம் இப்படி அடித்திருக்காது.

இரண்டு மணிக்கு முன்கதவுகள் திறந்தன. வண்டி லேசாகத் தாழ்ந்தது. இஞ்சின் உறுமியது. வேன் நகர்ந்ததே அவருக்குத் தெரியவில்லை. விரிப்பை லேசாக விலக்கி, ஜன்னல் வழியே மரங்கள் பின்னால் போனதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். துள்ளல் இல்லை. குலுக்கல் இல்லை. இந்தத் தெருப் பள்ளமெல்லாம் எங்கே போனது? மனுஷர் ஓட்டி இப்படிப் போகாது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

சாலை மேடேறியது. வேன் பாதி மேட்டில் நின்றது. பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து கரகரத்த ஆண் குரல் கேட்டது.

"பயப்படாதீங்க. மெதுவா விடுங்க. மெதுவா... இன்னும் கொஞ்சம் விடுங்க. அவ்வளவுதான், போயிடுச்சு பாருங்க."

போய்விட்டதா? எது? மில்லிமீட்டர் தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். எண்ணிக்கை தொண்ணூற்றெட்டு வரை வந்து குழம்பிப் போனது. மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. தாத்தா ஆகாமலே போகப் போகிறோம் என்று மனதார வருந்தினார். அந்த வருத்தத்தில் அவரை அறியாமலே ஒரு முனகல் வெளியே வந்துவிட்டது.

வேன் மேட்டின் உச்சியில் ஓரமாக நின்றது. பின்கதவு திறந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். மில்லிமீட்டர் விரிப்போடு எழுந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் சத்தமே போடாமல் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, நீங்களா?"

டிரைவர் பக்கத்திலிருந்து சுற்றி வந்தது மனைவி. இடுப்பில் பெல்ட், கையில் முதுகுக்கு வைக்கும் தலையணை. போன வாரமே டெஸ்ட் பாஸாகி, வண்டி முகத்திலிருந்த சிவப்பு 'L' எழுத்தை எடுத்துவிட்டதாகவும், இன்று மேட்டில் நிறுத்தி எடுக்கப் பழகுவதாகவும், ரோட்டில் உட்கார்ந்திருப்பவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். வண்டியை உயர்த்திக்கொண்டே போனதால் வெளியே இருப்பவர்களுக்கு குள்ளமான அவள் தலையே தெரியாமல் போயிருந்தது.

"உன் முதுகு?"

"ஸ்டீரிங் என் கையில இருந்தா வலிக்கலங்க. குழந்தை பிறக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்."

மில்லிமீட்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. பேய் இல்லை, மகளைப் பார்க்கலாம், மனைவி சிரிக்கிறாள். ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? விரிப்பை மடித்து வைத்துவிட்டு, பின்சக்கரத்தைப் பெருமையோடு தட்டிக் கொடுத்தார்.

"பாத்தியா? படுத்துப் பார்த்தேன், ஒரு குலுக்கல் இல்ல. எந்த டயர், எந்த சஸ்பென்ஷன்னு ரெண்டு மாசமா நான் மண்டையை உடைச்சுக்கிட்டது வீண் போகல."

மனைவி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"சார், முதல் வாரம் அந்தப் பழைய டயர், பழைய ஸ்பிரிங்லதான் அம்மா ஓட்டினாங்க, அப்பவும் இப்படியேதான் போச்சு. இந்த வண்டியில மாத்த வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான் சார், டிரைவர்."